குழந்தைக்காக வைக்கும் கடல் மீன் தொட்டியில் எந்த மீனை விடலாம்?

என்னிடம் வந்த கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மகளுக்கு 8 வயது, மகனுக்கு 3. கடல் மீன் வளர்க்க வேண்டும் என்று மகள் ஒரு வருடமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறாள். 3 அடி நீளத்தில், ஏறக்குறைய 180 லிட்டர் பிடிக்கும் தொட்டியை வாங்கியாகிவிட்டது. அவளுக்கு வேண்டியது ஆரஞ்சு நிறக் கோமாளி மீனும் நீல டாங் மீனும். மீன் விற்பவரோ, “முதலில் நாலு டாம்செல் விடுங்கள், அது எதையும் தாங்கும்” என்கிறார். இதில் எதைக் கேட்பது?

நேராகவே சொல்கிறேன். பண்ணையில் பிறந்த ஆசெல்லாரிஸ் கோமாளி மீன் (மகள் கேட்கும் அதே ஆரஞ்சு நிற மீன்தான்) இரண்டு வாங்குங்கள், சின்னதாகப் பார்த்து. முதல் இரண்டு மூன்று மாதம் தொட்டியில் அவை மட்டும் இருக்கட்டும். நீல டாங் இந்தத் தொட்டிக்கு வேண்டாம். டாம்செல்லும் வேண்டாம். மகளிடம் இதை விளக்கப் போவது நீங்கள் என்பதால் காரணங்களைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

நாம் தொட்டியைப் பார்க்கும்போது எத்தனை நிறம், எத்தனை மீன் என்று பார்க்கிறோம். குழந்தை அப்படிப் பார்ப்பதில்லை. ஒரே ஒரு மீனைப் பிடித்துக்கொண்டு அதன் பின்னாலேயே கண்ணை ஓட்டும். அது எங்கே தூங்குகிறது, எதைப் பார்த்து ஒளிகிறது, நான் வந்ததும் கண்ணாடிப் பக்கம் வருகிறதா என்பதுதான் குழந்தைக்கு முக்கியம். அதனால் குழந்தைக்கான மீன் பகலில் வெளியே தெரிகிற மீனாக இருக்க வேண்டும், ஆள் வந்தால் பாறைக்குள் போய்விடாமல் முன்னால் வருகிற மீனாக இருக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, அது நீண்ட நாள் இருக்க வேண்டும். பெயர் வைத்த மீன் மூன்றாவது வாரம் மிதந்தால் குழந்தைக்கு அது சின்ன விஷயம் அல்ல.

இந்தக் கணக்கில் ஆசெல்லாரிஸுக்கு நிகராக வேறொன்றை என்னால் சொல்ல முடியவில்லை. கடலிலேயே அது அலைந்து திரியாத மீன். கடல் சாமந்தி என்பது பாறையில் ஒட்டி வாழும், பூப்போல விரியும் ஓர் உயிர். அப்படி ஒரு கடல் சாமந்தியில் இடம் பிடித்தால் ஏறக்குறைய வாழ்நாள் முழுக்க அதைச் சுற்றியே இருக்கும். அதனால் 3 அடித் தொட்டி அதற்கு நெருக்கடியாக இருக்காது. குருணைத் தீவனம், உறைந்த மைசிஸ் இறால் என்று கொடுத்ததைத் தின்னும். 1970களிலிருந்தே இதைப் பண்ணைகளில் இனப்பெருக்கம் செய்கிறார்கள். அப்படிப் பிறந்த குஞ்சு தொட்டி வாழ்க்கையைத் தவிர வேறெதையும் பார்த்ததில்லை, கண்ணாடிக்கு வெளியே முகம் தெரிந்தால் சாப்பாடு வருகிறது என்று ஓடிவரும். ஒழுங்காகப் பராமரித்தால் 10 வருடத்தைத் தாண்டுவது சாதாரணம். 20 வருடம் இருந்தவையும் உண்டு. உங்கள் மகள் பள்ளிப் படிப்பை முடிக்கும்போது அதே இரண்டு மீன்கள் அதே மூலையில் இருக்கலாம். குழந்தைக்கு மீன் தேர்ந்தெடுப்பதில் எனக்கு மிகப் பெரிதாகத் தெரிவது இதுதான்.

ஏன் இரண்டு என்றால், இந்த இனத்தில் எல்லாக் குஞ்சும் ஆணாகத்தான் வளரும். இரண்டைச் சேர்த்து விட்டால் அவற்றுள் வலுவானது பெண்ணாக மாறும், மற்றது ஆணாகவே நின்றுவிடும். ஆண் பெண் பார்த்து வாங்க வேண்டிய வேலையே இல்லை. ஒன்று சற்றுப் பெரிதாகவும் மற்றது சிறிதாகவும், இரண்டும் 3, 4 செ.மீ. அளவில் பார்த்து எடுங்கள். ஒரே அளவில் இரண்டை எடுத்தால் யார் பெரியவர் என்று முடிவாகும்வரை சண்டை நீளும். பெரியது பக்கத்தில் வந்ததும் சிறியது பக்கவாட்டில் சாய்ந்து, உடம்பு முழுக்க வெடவெடவென்று நடுங்கும். முதல் தடவை பார்க்கிறவர்கள் வலிப்பு என்று பதறிப்போவார்கள். அது “நீதான் பெரியவள், நான் அடங்கிப்போகிறேன்” என்று சொல்லும் முறை. இதை மகளிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். அந்த நடுக்கத்தைக் காத்திருந்து பார்ப்பாள். அடுத்த சில மாதங்களில் ஒன்று மட்டும் வேகமாக வளர்ந்து 8, 9 செ.மீ. ஆவதையும், அது பெண்ணாகிவிட்டது என்பதையும் அவளே கண்டுபிடிப்பாள்.

வாங்கும்போது பெயரைச் சரியாகக் கேளுங்கள். கோமாளி மீனில் ஏறக்குறைய 30 இனங்கள் இருக்கின்றன. மரூன், டொமேட்டோ என்று விற்கப்படுபவை இன்னும் பெரிதாக வளரும், முரட்டுத்தனமும் அதிகம். கையைத் தொட்டிக்குள் விட்டால் மரூன் பெண் மீன் ரத்தம் வரும்படிகூடக் கடிக்கும். இரண்டு இனங்களைக் கலந்து விடாதீர்கள். பெர்குலா என்ற இனம் ஆசெல்லாரிஸ் மாதிரியே இருக்கும், குணமும் கிட்டத்தட்ட அதேதான். அது பண்ணை மீனாகக் கிடைத்தால் தாராளமாக வாங்கலாம்.

அப்புறம், “கோமாளி மீன் என்றால் கடல் சாமந்தியும் வேண்டுமே” என்பார்கள். வேண்டாம். சாமந்திக்கு வலுவான வெளிச்சமும், பல மாதம் ஓடி நிலைப்பட்ட தண்ணீரும் தேவை. புதுத் தொட்டியில் அது இடம் பிடிக்காமல் நகர்ந்து நகர்ந்து போய் மோட்டாருக்குள் சிக்கினால் தொட்டித் தண்ணீர் முழுவதும் ஒரே இரவில் கெட்டுவிடும். சாமந்தி இல்லாவிட்டால் மீன் ஏங்குவதில்லை. ஒரு பாறைச் சரிவையோ, மோட்டாரின் மேற்புறத்தையோ, கண்ணாடி துடைக்கும் காந்தத்தையோ வீடாக்கிக்கொள்ளும். எங்கள் வீட்டு ஜோடி வெப்பமானியைத்தான் பிடித்துக்கொண்டது. இரவில் இரண்டும் அதில் உரசியபடியே தூங்கும்.

சரி, நீல டாங் ஏன் கூடாது? விற்பனைக்கு வரும்போது அது ஒரு நாணயம் அளவுதான் இருக்கும். வளர்ந்தால் 30 செ.மீ. வரை போகும், அதாவது ஓர் அடி ஸ்கேலின் நீளம். நாள் முழுக்க நீந்திக்கொண்டே இருக்கிற மீன் அது. 3 அடித் தொட்டியில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் இடையில் அதற்குத் திரும்பவே நேரம் சரியாக இருக்கும். குறைந்தது 6 அடி நீளமும் 600, 700 லிட்டர் தண்ணீரும் வேண்டும். இடம் போதாத அழுத்தத்தில் வெள்ளைப்புள்ளி நோய் வந்து ஒட்டிக்கொள்ளும், அந்த நோய்க்கு மிக எளிதில் ஆளாகும் மீன் என்றே இதற்குப் பெயர். வால் தொடங்கும் இடத்தில் இரண்டு பக்கமும் கத்திபோன்ற முள் வேறு இருக்கிறது. ‘சர்ஜன் மீன்’ என்ற பெயரே அதனால் வந்ததுதான். “பெரிதானதும் திருப்பிக் கொடுத்துவிடலாம்” என்று சிலர் சொல்வார்கள். அவள் வளர்த்த மீனை இரண்டு வருடம் கழித்து அவள் கண் முன்னால் எடுத்துக்கொண்டு போவது எப்படி இருக்கும் என்று யோசியுங்கள்.

மகளுக்கு இதைச் சொல்வது கஷ்டம் இல்லை. ஓர் அடி ஸ்கேலை எடுத்துத் தொட்டியின் முன்கண்ணாடியில் வைத்துக் காட்டுங்கள். “இது இவ்வளவு பெரிசா ஆகும், இங்கே எப்படி ஓடும்?” என்று கேளுங்கள். 8 வயதுக் குழந்தைக்கு இது புரியும், பெரும்பாலும் நம்மைவிடச் சீக்கிரம் புரியும். நீல டாங்கைப் பண்ணையில் முதன்முதலாக வளர்த்தெடுத்ததே 2016-ல்தான், ஃப்ளோரிடா பல்கலைக்கழக ஆராய்ச்சிக்கூடத்தில். ஆகவே கடையில் பார்ப்பது அனேகமாக ஏதோ ஒரு பவளப்பாறையிலிருந்து பிடித்து வந்த குஞ்சாகத்தான் இருக்கும் என்பதையும் சொல்லுங்கள்.

டாம்செல் விஷயத்தில் விற்பவர் சொன்னது பாதி உண்மை. அது தாங்கும். புதுத் தொட்டியில் மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவைச் சிதைக்கும் பாக்டீரியா இன்னும் வளர்ந்திருக்காது. அந்த அம்மோனியா செவுளை அரித்தாலும் டாம்செல் பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும் என்பதால்தான் அதை முதலில் விடச் சொல்கிறார்கள். ஒரு உயிரை வேதிப்பொருள் மாதிரி பயன்படுத்துவதை ஒரு குழந்தைக்கு முதல் பாடமாகக் காட்ட வேண்டுமா? அது பிழைத்த பிறகும் தொல்லைதான். தொட்டி முழுவதும் தன்னுடையது என்று நினைத்து, பின்னால் வரும் ஒவ்வொரு மீனையும் துரத்தும். வெளியே எடுக்க வேண்டுமானால் எல்லாப் பாறையையும் கலைக்க வேண்டும். மூன்று புள்ளி டாம்செல் வாங்கிய ஒரு குடும்பத்துக்கு அதைப் பிடிக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க நான் உதவினேன். சாயங்காலம் அது கையில் வந்தபோது தொட்டியில் பாதித் தண்ணீர்தான் இருந்தது.

பாக்டீரியாவை மீன் இல்லாமலே வளர்க்கலாம். பாறையும் மணலும் போட்டு, உப்புக் கரைத்த தண்ணீர் ஊற்றி, மோட்டார் ஓடவிட்டு, சொட்டு அம்மோனியாவும் புட்டியில் வரும் பாக்டீரியாவும் சேர்த்துக் காத்திருக்க வேண்டும். அம்மோனியா முதலில் ஏறி இறங்கும், அப்புறம் நைட்ரைட் ஏறி இறங்கும், கடைசியில் நைட்ரேட் மட்டும் மிஞ்சும். பொதுவாக 4 முதல் 6 வாரம் ஆகும். வெறும் பாறையைப் பார்த்துக்கொண்டு 6 வாரம் குழந்தை எப்படி இருக்கும் என்று கவலைப்படாதீர்கள். சோதனைக் குழாயில் 5 மி.லி. தண்ணீர் எடுத்து, சொட்டு எண்ணி விட்டு, குலுக்கி, நிறத்தை அட்டையோடு ஒப்பிடும் வேலையை அவளிடம் கொடுங்கள், சொட்டு மருந்து கண்ணிலோ வாயிலோ படாமல் நீங்கள் பக்கத்தில் இருந்துகொண்டு. ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதட்டும். “அம்மோனியா 0, நைட்ரைட் 0” என்று தொடர்ந்து வரும் நாளில் மீன் வாங்கப் போகலாம் என்று சொல்லிவிடுங்கள். மீன் வரும் நாளை அவளே தீர்மானித்த மாதிரி ஆகும்.

கோமாளி மீன்கள் நிலைத்து, மூன்று மாதம் தண்ணீர் ஒழுங்காக இருந்தால் அடுத்த வகை மீனைப் பற்றி யோசிக்கலாம். 180 லிட்டருக்கு மொத்தம் நான்கு, மிஞ்சினால் ஐந்து சிறிய மீன்கள். அதற்கு மேல் போகாதீர்கள்.

என்னைக் கேட்டால் அடுத்ததாக மஞ்சள் வாட்ச்மேன் கோபி என்ற சிறு மீனும் அதனோடு ஒரு பிஸ்டல் இறாலும். குழந்தை இருக்கிற வீட்டில் இந்த ஜோடியை வைத்துவிட்டு நான் வருத்தப்பட்டதே இல்லை. இறால் மணலைத் தோண்டி வளை அமைக்கும். புல்டோசர் மாதிரி மணலைத் தள்ளிக்கொண்டு வந்து வாசலில் கொட்டிவிட்டுத் திரும்பப் போகும், நாள் முழுக்க இதே வேலை. ஆனால் அதற்குக் கண் பார்வை மிகவும் மோசம். அதனால் வெளியே வரும்போதெல்லாம் ஒரு மீசையை வாசலில் உட்கார்ந்திருக்கும் கோபியின் உடம்பில் வைத்துக்கொண்டேதான் வரும். ஆபத்து என்று தெரிந்தால் கோபி வாலை லேசாக அசைக்கும், இறால் உடனே உள்ளே போய்விடும். நிலைமை இன்னும் மோசமானால் கோபியும் தலைகீழாகப் பாய்ந்து உள்ளே போய்விடும். வளையை இறால் கட்டுகிறது, காவலைக் கோபி பார்க்கிறது. அந்த மீசை மீனின் முதுகைத் தொட்டுக்கொண்டே இருப்பதை உங்கள் மகள் ஒரு தடவை கண்டுகொண்டால் அன்றைக்கு வீட்டுப்பாடம் நடக்காது. இறால் சில சமயம் ‘டக்’ என்று கண்ணாடி விரிசல் விட்ட மாதிரி ஒரு சத்தம் போடும். அது இடுக்கியைச் சொடுக்கும் சத்தம், பயப்பட வேண்டாம்.

இதற்கு ஒரு முன்னேற்பாடு உண்டு, அதை இப்போதே செய்ய வேண்டும். பாறைகளை மணலின் மேல் அடுக்காதீர்கள். முதலில் பாறையைத் தொட்டியின் அடித்தளத்தில் ஆடாமல் உட்கார வைத்து, அதன் பிறகு சுற்றிலும் மணலைப் போடுங்கள். மணல் மேல் வைத்த பாறையின் அடியில் இறால் தோண்டினால் பாறை சரியும், மீன் நசுங்கும், சில சமயம் கண்ணாடியே விரிசல் விடும்.

ராயல் கிராமாவும் நல்ல தேர்வு. கரீபியன் கடல் மீன். முன்பாதி ஊதா, பின்பாதி மஞ்சள், 8 செ.மீ.தான் வளரும். பாறையின் கூரைக்கு அடியில் தலைகீழாக நீந்தும். அது நோயல்ல, அதன் இயல்பு. ஃபயர்ஃபிஷ் அழகான, சாதுவான மீன், ஆனால் பயந்தால் தண்ணீரைவிட்டு எகிறிவிடும். என்னுடைய முதல் ஃபயர்ஃபிஷைக் காலையில் தொட்டிக்குப் பின்னால் தரையில் காய்ந்து கிடந்த நிலையில் எடுத்தேன். மூடியில் ஒயர் போவதற்காக விட்டிருந்த இரண்டு விரல் அகல இடைவெளி அதற்குப் போதுமானதாக இருந்தது. வலை மூடி போட முடியாது என்றால் ஃபயர்ஃபிஷ் வேண்டாம்.

பாங்காய் கார்டினல் பற்றி ஒரு வார்த்தை. கறுப்பு வெள்ளைப் பட்டைகளோடு அசையாமல் தொங்குகிற மாதிரி நிற்கும் மீன் அது. தாய் இடும் முட்டைகளைத் தந்தை வாய்க்குள் வைத்து, மூன்று நான்கு வாரம் சாப்பிடாமல் காக்கும். இந்தோனேசியாவின் பாங்காய் தீவுகள்தான் அதன் சொந்த இடம். மீன் தொட்டிகளுக்காக அளவில்லாமல் பிடித்ததால் 2007-லிருந்து அழியும் அபாயத்தில் உள்ள இனங்களின் சிவப்புப் பட்டியலில் இருக்கிறது. பண்ணையில் பிறந்தது என்று உறுதியாகத் தெரிந்தால் மட்டும் வாங்குங்கள். கடலில் பிடித்தது என்றால் விட்டுவிடுங்கள்.

கடையில் குழந்தையின் கண் போகும் இன்னும் இரண்டு உயிர்கள் இருக்கின்றன. ஒன்று மாண்டரின் மீன், நீலமும் ஆரஞ்சுமாகக் கோலம் போட்ட மாதிரி இருக்கும். அது பாறையில் ஊர்ந்து திரியும், கண்ணுக்கே சரியாகத் தெரியாத கோப்பிபாடு என்ற நுண்ணுயிர்களை நாள் முழுக்கக் கொத்தித் தின்னும். புதுத் தொட்டியில் அவை போதிய அளவு இருக்காது. நாம் போடும் தீவனத்தைப் பெரும்பாலும் தொடாது. வயிறு ஒட்டி, மெல்ல மெல்லப் பட்டினியில் போகும். இன்னொன்று கடற்குதிரை. அதற்கு இரைப்பையே கிடையாது, தின்றது சீக்கிரம் வெளியேறிவிடும், அதனால் அடிக்கடி ஊட்ட வேண்டும். மெதுவாகத் தின்னும் என்பதால் வேறு மீன்களோடு விட்டால் ஒன்றும் கிடைக்காது. மகளுக்கு உண்மையிலேயே ஆசை இருந்தால் சில வருடம் கழித்து அதற்கென்றே தனித் தொட்டி வைக்கலாம். இப்போது வேண்டாம்.

உங்கள் வீட்டில் 3 வயதுப் பையனும் இருக்கிறான் என்பதால் பாதுகாப்பைப் பற்றி அழுத்திச் சொல்ல வேண்டும். லயன்ஃபிஷ்ஷின் முதுகு முள்ளில் விஷம் இருப்பது பலருக்குத் தெரியும். வரிவரியாகக் கோடு போட்ட கடல் கெளுத்திக் குஞ்சுகள் ஒரு பந்து மாதிரிக் கூட்டமாக நீந்தும், பார்க்க அவ்வளவு அழகு. அவற்றின் முள்ளிலும் கடுமையான விஷம். மஞ்சள் நிற ஃபாக்ஸ்ஃபேஸ் மீனும் அப்படியே. பெட்டி மீன், மாட்டுக் கொம்பு மீன் வகைகள் பயந்தாலோ செத்தாலோ தண்ணீரில் விஷத்தைக் கக்கி மற்ற மீன்களைக் கொன்றுவிடலாம். இவை எதுவும் குழந்தைகள் இருக்கும் வீட்டுக்கு வேண்டாம்.

ஆனால் எனக்கு அதிக பயம் மீனால் அல்ல. பொத்தான் மாதிரி வண்ண வண்ணமாகப் பாறையில் ஒட்டியிருக்கும் ஸோவாந்திட், பாலித்தோவா என்ற, பவளம் போன்ற உயிர் வகைகளால்தான். “வளர்ப்பது சுலபம், தொடங்குகிறவர்களுக்கு நல்லது” என்றுதான் விற்பார்கள். வளர்ப்பது சுலபம்தான். ஆனால் அவற்றுள் சிலவற்றில், குறிப்பாகப் பாலித்தோவாவில், பாலிடாக்ஸின் என்ற மிகக் கொடிய நஞ்சு உண்டு. அந்தப் பாறையை வெந்நீரில் போட்டுச் சுத்தம் செய்யப்போய், எழுந்த ஆவியைச் சுவாசித்த குடும்பமே மருத்துவமனைக்குப் போன சம்பவங்கள் பதிவாகியிருக்கின்றன. வாங்கும் பாறையில் அது ஒட்டிக்கொண்டும் வரலாம். ஆகவே எந்தக் கடல் பாறையையும் வீட்டில் கொதிக்க வைக்காதீர்கள், வெந்நீர் ஊற்றாதீர்கள், உலர்ந்த நிலையில் தேய்க்காதீர்கள். பிள்ளைகள் பெரியவர்களாகும்வரை அந்த வகையே வீட்டுக்குள் வர வேண்டாம் என்பது என் கருத்து.

தண்ணீரும் பாறையுமாகத் தொட்டியின் எடை 200 கிலோவைத் தாண்டும். நிறுத்தியிருக்கும் மேசையில் பையன் ஏறப் பார்ப்பான், கட்டாயம் பார்ப்பான். அதற்கென்று செய்த தாங்கியாக, ஆடாமல், ஏறக் கால் வைக்க இடமில்லாததாக இருக்கட்டும். மின்சார ஒயர்கள் ப்ளக்குக்குப் போகும் முன் கீழே தொங்கி வளைந்து மேலேறும்படி விடுங்கள், வழியும் உப்புத் தண்ணீர் அந்த வளைவில் சொட்டிப் போகும். தொட்டிக்குள் கைவிட்டால் முன்னும் பின்னும் கை கழுவ வேண்டும், கையில் வெட்டுக்காயம் இருக்கும்போது விடவே கூடாது. மீன் தொட்டித் தண்ணீரிலிருந்து காயம் வழியாகத் தோலில் பிடிக்கும் தொற்றுகள் ஆறப் பல மாதம் ஆகும்.

தீவனம் போடுவதுதான் எல்லாக் குழந்தைக்கும் பிடித்த வேலை, தொட்டி கெடுவதும் அங்கிருந்துதான். என் பையன் 5 வயதில் ஒரு நாள் மதியம், “பசிக்குதுன்னு சொல்லிச்சு” என்று ஒரு டப்பா முழுவதையும் கவிழ்த்துவிட்டான். உறிஞ்சு குழாயால் மணலில் இருந்ததையெல்லாம் எடுத்து, மூன்றில் ஒரு பங்குத் தண்ணீர் மாற்றி, மறுநாளும் மாற்றி, மீன்கள் தப்பின. அன்றிலிருந்து தீவன டப்பா அலமாரியின் மேல்தட்டில்தான். ஒரு வாரத்துக்கான மாத்திரை வைக்கும் பெட்டி இருக்கிறதே, ஏழு அறையுள்ளது, அதில் ஒவ்வொரு நாளுக்கும் உரிய குருணையை ஞாயிற்றுக்கிழமை நான் போட்டு வைத்துவிடுவேன். அந்தந்த நாளின் அறையை அவன் திறப்பான். அது தீர்ந்தால் அன்றைக்கு அவ்வளவுதான். இதை அப்படியே நீங்களும் செய்யலாம்.

மகளுக்கு இன்னொரு வேலையும் கொடுங்கள். கண்ணாடியின் பக்கவாட்டில் தண்ணீர் மட்டத்தில் ஒரு கோடு போடுங்கள். தண்ணீர் ஆவியாகும், உப்பு ஆவியாகாது. மட்டம் குறையக் குறைய உப்பு ஏறும். அந்தக் கோடு வரை தினமும் உப்பில்லாத ஆர்ஓ தண்ணீரை அவள் ஊற்ற வேண்டும். “ஏன் உப்புத் தண்ணீர் ஊற்றக் கூடாது?” என்று கேட்பாள், பதிலை அவளையே யோசிக்கச் சொல்லுங்கள். உப்பின் அளவைக் காட்டும் ஒப்படர்த்தி 1.025, வெப்பம் 25, 26 டிகிரி, இந்த இரண்டும் ஆடாமல் இருந்தாலே பாதி நோய் அண்டாது.

கடைக்குப் போகும்போது அவளையும் கூட்டிப் போங்கள். மீனைத் தேர்ந்தெடுப்பதற்கு முன், “கொஞ்சம் தீவனம் போட்டுக் காட்டுங்கள்” என்று கேளுங்கள். தின்னாத மீனை வாங்காதீர்கள், எவ்வளவு அழகாக இருந்தாலும். செவுள் வேகமாக அடித்துக்கொள்கிறதா, உடம்பில் உப்புத் தூவிய மாதிரிப் புள்ளி இருக்கிறதா, வயிறு உள்வாங்கியிருக்கிறதா என்று அவளைப் பார்க்கச் சொல்லுங்கள். கோமாளி மீனின் தோலில் வெண்மையாக வழுவழுப்பு படர்ந்திருந்தால் அது ப்ரூக்லினெல்லா என்ற ஒட்டுண்ணியாக இருக்கலாம், சில நாளிலேயே கொன்றுவிடும். அந்த மீனையும், அதே தண்ணீரில் இருக்கும் மற்ற மீனையும் தவிர்த்துவிடுங்கள். கடலில் பிடித்த மீனில் இன்னொரு பிரச்சினை, சில இடங்களில் சயனைடு தெளித்து மயக்கிப் பிடிக்கிறார்கள். வெளியே நன்றாகத் தெரியும் மீன் சில வாரத்தில் காரணமே தெரியாமல் சாகும். பண்ணை மீன் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

முடிந்தால் ஒரு சிறு தனித் தொட்டியில் நான்கு வாரம் வைத்துக் கவனித்துவிட்டு அப்புறம் பெரிய தொட்டிக்கு மாற்றுங்கள். ஸ்பாஞ்ச் ஃபில்டர், ஹீட்டர், ஒளிந்துகொள்ள ஒரு பிவிசி குழாய்த் துண்டு, இவ்வளவு போதும். முதல் மீன்களுக்கு இதைத் தவிர்த்தாலும் பெரிய ஆபத்தில்லை, தொட்டியில் வேறு யாரும் இல்லை. அதன் பிறகு வாங்கும் ஒவ்வொரு மீனுக்கும் கட்டாயம் செய்யுங்கள். வெள்ளைப்புள்ளி ஒரு தடவை உள்ளே வந்துவிட்டால் எல்லா மீனையும் வெளியே எடுத்து வைத்தியம் செய்து, தொட்டியைப் பல வாரம் மீனே இல்லாமல் போட வேண்டியிருக்கும்.

வீட்டுக்கு வந்ததும் தொட்டி விளக்கை அணைத்துவிட்டுப் பையை 20 நிமிடம் மிதக்கவிடுங்கள். கொஞ்சம் கொஞ்சமாகத் தொட்டித் தண்ணீரைச் சேர்த்து, மீனை மட்டும் கையில்லாமல் ஒரு கிண்ணத்தால் மொண்டு உள்ளே விடுங்கள். பைத் தண்ணீர் தொட்டிக்குள் போகக் கூடாது. முதல் நாள் அது தின்னாவிட்டால் கவலை வேண்டாம். அன்றிரவு மகள் டார்ச் அடித்துப் பார்ப்பாள். மீன் ஒரு மூலையில் சாய்ந்து, ஏறக்குறைய ஒருக்களித்து, துடுப்பை மட்டும் லேசாக அசைத்தபடி மிதந்துகொண்டிருக்கும். சாகப் போகிறது என்று அழுதுகொண்டு உங்களை எழுப்புவாள். கோமாளி மீன் தூங்குவதே அப்படித்தான் என்று அன்று மாலையே அவளிடம் சொல்லி வைத்துவிடுங்கள்.